கை பார்த்துத் தெரிந்தெடுத்தவர்

என் வாசற்கதவின் பின்னால் ஒரு கைத்தடி சாய்ந்து நிற்கின்றது. அதற்குப் பணம் கொடுத்தவன் நான், தெரிந்தெடுத்தவர் வேறொருவர். இலண்டனின் டூட்டிங் பெருந்தெருவில் ஒரு கடையில் சுவரோரமாகப் பல தடிகள் வரிசையாய் நின்றன. அவற்றில் ஒன்றையேனும் ஏறெடுத்துப் பாராமல் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். பெருவிரலை மடக்கிப் பார்த்தார். உள்ளங்கையின் அடிச்சதையை அழுத்திப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சரிஞ்சு விழுவியள்?"

"நான் இன்னும் விழவே இல்லையே, தங்கச்சி."

"விழுற அண்டைக்குத்தானே தடி வேணும். நிக்கிறதுக்கெண்டால் காலே போதும்."

அதன் பின்னரே தடிகளின் பக்கம் திரும்பினார். அழகிய பிடி கொண்டவற்றையும், வெள்ளிப் பூண் கட்டியவற்றையும் தாண்டிச் சென்று, மூலையில் கிடந்த ஒரு சாதாரணத் தடியை எடுத்து என் இடது கையில் வைத்தார். நான் வலது கைக்காரன். எனினும், ஒன்பது மாதங்களின் பின் பனி உறைந்த ஒரு காலையில் நான் சறுக்கியபோது, சறுக்கியது இடது பக்கமே. தடி தாங்கியது.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரின் பெயர் அச்சில் வருவதற்கு மரண அறிவித்தல் ஒன்றே தகுந்த காரணம் என்பது அவருடைய கொள்கை. அவரோ நலமாக இருக்கின்றார், ஆனால் இந்நகரில் இல்லை. மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, கணவரை இங்கே நோய்க்குப் பறிகொடுத்து, மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் ஷிப்ட் வேலை பார்த்து, ஒரே மகளை ஆளாக்கியவர். நான் மேல் மாடி. அவர் கீழ் வீடு. நான் சைவன், அவர் கத்தோலிக்கர். ஆயினும் ஞாயிறு பூசைக்குப் பின்னர் அவர்களுடைய கோவில் மண்டபத்தில் ஊற்றப்படும் தேநீருக்கு என் சமயம் ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை.

டூட்டிங்கில் எவர் எதை வாங்குவதானாலும் அவரை அழைத்துச் செல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. மீன், கத்தி, அகப்பை, காப்பு, சப்பாத்து, குழந்தை வண்டில், எதுவாயினும் அவருடைய முறை ஒன்றே. பொருளை முதலில் பார்க்கமாட்டார். பயன்படுத்தப் போகின்றவரின் கையைப் பார்ப்பார். பின்பு, அந்தக் கைக்கு வரக்கூடிய மிகக் கெட்ட நாள் எதுவென்று கேட்பார். அதன் பின்னரே பொருள். கையைக் காட்ட வராமல் தொலைபேசியில் ஆலோசனை கேட்டவர்களிடம், "தொடாமல் நான் சொல்லமாட்டன்" என்று வைத்துவிடுவார்.

அவரைக் கேளாமல் வாங்கியவர்களுக்கு அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய பாராட்டு, "பறவாயில்லை" என்பதாகும். அதற்கு மேல் ஒரு சொல்லை எவரும் பெற்றதாக நான் அறியேன்.

ஆணியும் பூட்டும் விற்கும் கடை வைத்திருந்த ஒருவர், கோவில் விருந்துக்கு ஆடு வெட்டவென்று முழங்கை நீளத்தில் ஒரு வெட்டுக்கத்தி வாங்கி வந்து மண்டபத்தில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். இவர் அதைக் கையில் வாங்கி, கடைக்காரரின் கையையும் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"இதை ஆட்டுக்கு வாங்கினியளோ, உங்களுக்கு வாங்கினியளோ?"

"என்ன அக்கா கதை இது? ஆட்டை வெட்டத்தானே!"

"அப்ப ஆட்டிட்டைக் குடுங்கோ. அதுதான் பிடிக்கோணும் போல கிடக்கு."

விருந்தன்று கடைக்காரர் பெருவிரலிற் கட்டுடன் பந்தி பரிமாறினார். அவர் சோறு போடும்போது இவர் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

இன்னொரு நிகழ்ச்சி என் நெஞ்சில் சற்று வேறுவிதமாய்த் தங்கியிருக்கின்றது. குடும்பஸ்தர் ஒருவர் சமையற்கத்தி ஒன்று தெரிந்தெடுத்துத் தருமாறு கேட்டு வந்தார். இவர் வழமைபோற் கையைப் பார்த்தார். விரல் முட்டிகள் கன்றியிருந்தன. அவர் மனைவி இரண்டு வாரமாகப் பூசைக்கு வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். "இண்டைக்கு உமக்குக் கத்தி இல்லைத் தம்பி" என்றார் இவர் மிக மெதுவாக. "மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும். அவவின்ரை கையைப் பார்த்துத்தான் தருவன்." அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்று, அந்தப் பெண்ணை அழைத்து வந்து தம் வீட்டில் ஒரு மாதம் வைத்திருந்தார். கை பார்ப்பது என்பது அவருக்கு விளையாட்டன்று என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

இத்தகைய ஒருவர், தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய தெரிவு ஒன்றைத் தொடாமலே செய்யவேண்டி வந்தது.

அவருடைய மகள் மீன்களைப் பற்றிப் படித்தவர். அமெரிக்க மாப்பிள்ளை ஒருவரை மணந்து, அங்கே நிரந்தர வதிவுரிமை பெற்று, அலாஸ்காவில் ஆறேறி வரும் சால்மன் எனும் சமன் மீன்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தார். கோடைதோறும் ஆற்றங்கரையிற் கூடாரம் அடித்துத் தங்குவார். மீன் ஏறும் ஆற்றுக்கு மீன் தின்னும் கரடியும் வரும். ஓர் ஆண்டு, அதுவரை துணைக்கு வந்த ஆயுதம் தாங்கிய ஊழியர் வரவில்லை; ஆகவே, தாமே ஒரு கைத்துவக்கு வைத்திருக்கத் தீர்மானித்துவிட்டதாக மகள் தொலைபேசியிற் சொன்னார்.

துவக்கு என்ற சொல்லை எங்களில் எவரும் உரத்துச் சொல்வதில்லை. போர் நடந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இவரோ பிறந்தநாள் பரிசாக வந்த தண்ணீர்த் துப்பாக்கியைக்கூட வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் பிள்ளையை உள்ளே அழைத்தவர். ஞாயிறன்று மண்டபத்தில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக்கு ஒரு துவக்குத் தெரிஞ்செடுக்கவேணும்" என்று அவர் சொன்னபோது, அந்த மேசையைச் சுற்றிக் கைகளில் இருந்த கோப்பைகள் எல்லாம் ஒருங்கே நின்றன.

முதலில் வாய் திறந்தவர் பூட்டுக்கடைக்காரர்.

"நாற்பத்திநாலு மக்னம் எண்டு ஒரு ரிவோல்வர் இருக்கு அக்கா. யானையையும் விழுத்தும். கரடிக்கெண்டால் எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம்."

"உங்கட பெருவிரல் இப்ப எப்பிடி?"

"அது மாறி வருசக்கணக்கு!"

"அப்ப மறந்துபோனியள். குடியுங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அன்று தொடங்கி என் மாடிப்படி தேய்ந்தது. ஆங்கிலத்தில் இருப்பவற்றைத் தேடி வாசித்துச் சொல்வது என் பங்கு. கைத்துவக்குகள் ஏறக்குறைய ஒரு கிலோ முதல் அதற்குச் சற்று மேல் வரை இருக்கும் என்று வாசித்தேன். அவர் எழுந்து போய், ஒரு கிலோ அரிசிமாப் பொதியைத் துணியிற் சுற்றி, இடுப்பிற் கட்டிக்கொண்டு, முதுகிலும் ஒரு பையைச் சுமந்து வந்து நின்றார். முதுகுப் பையின் இடுப்புப் பட்டி மாப்பொதியை மூடிவிட்டது. கையை உள்ளே நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை.

"இடுப்பிலை வைச்சால் எடுக்க ஏலாது. நெஞ்சிலை கட்டவேணும்."

அதையே அங்குள்ள அனுபவசாலிகளும் சொல்வதாகப் பின்னர் வாசித்தபோது நான் வியந்தேன், அவர் வியக்கவில்லை. மாப்பொதியை நெஞ்சிற் கட்டிக்கொண்டு டூட்டிங் பொதுவெளியில் மூன்று சுற்று நடந்தோம். ஒரு பெரிய நாய் ஓடி வந்து அவரைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தது. அதன் உரிமையாளப் பெண் மன்னிப்புக் கேட்டு, உள்ளே இருப்பது கைக்குழந்தையா என்று வினவினார். "மா" என்றார் இவர் ஆங்கிலத்தில். அப்பெண் சற்று வேகமாகவே அப்பாற் சென்றார்.

ஆனால் மாப்பொதி உதைக்காது. துவக்கு உதைக்கும். அந்த உதையைத் தொட்டறிய வேண்டும் என்று நின்றார். ஆகவே நகரின் நடுவில், பறவை வேட்டைக்காரர்களுக்கான நீண்ட துவக்குகள் விற்கும் பழைய கடையொன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். கண்ணாடிக் கதவு, உள்ளே மரமும் எண்ணெயும் கலந்த வாசனை. மேற்சட்டை அணிந்த முதிய ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. அதனை என் தமிழில் தருகின்றேன்.

"எனக்கு ஒரு கைத்துவக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும்" என்றார் இவர்.

"அம்மையாரே, அது இந்த நாட்டில் ஆகாது. நான் விற்கவும் முடியாது. தாங்கள் வாங்கவும் முடியாது."

"வாங்க வரவில்லை. கரடிக்காகத் தெரிந்தெடுக்க வந்தேன்."

முதியவர் என்னைப் பார்த்தார். நான் அலாஸ்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்து இவருக்குப் போட்டார்.

"முதலில் மிளகாய்ச் சாற்றைப் பீய்ச்சும் குப்பி ஒன்றை மகள் வைத்திருக்க வேண்டும். துவக்கு அதற்குப் பின்னர்தான்."

இவர் முகம் மலர்ந்தது. "மிளகாயோ? எந்த ஊர் மிளகாய்?"

முதியவர் எழுந்து போய், மேசை இழுப்பறையைத் திறந்து, மருந்து அகற்றிய இரண்டு வெற்றுத் தோட்டாக்களைத் துணிமேல் வைத்தார். ஒன்றின் மூக்கிற் குழி இருந்தது. மற்றது குழியின்றி, தலை வெட்டினாற்போல் தட்டையாக, கனத்த ஈயமாக இருந்தது. குழியுள்ளது பட்டவுடன் விரிந்து விடும். மனிதருக்கு எதிராக அது போதும். கரடியின் தடித்த தோல், கொழுப்பு, எலும்பு ஆகியவற்றினுள் ஆழமாகப் போகாது. தட்டைத் தலையுள்ள கடின ஈயம் விரியாமல் நேரே உள்ளே போகும். இவ்வளவையும் அவர் பொறுமையாக விளக்கினார். இவர் இரண்டையும் எடுத்து இரு உள்ளங்கைகளிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணை, ஒண்டு வாழைப்பூ. மற்றது ஆணி" என்றார் எனக்கு.

பின்பு துவக்குக்கு வந்தோம். அம்முதியவர் தம் இளமையில், சட்டம் இடங்கொடுத்த நாளில், கைத்துவக்குச் சுட்டுப் பழகியவர். நாற்பத்திநாலு மக்னத்தின் உதை மணிக்கட்டைத் திருப்பும் என்றார். பத்து மில்லிமீற்றர்ப் பிஸ்டலின் உதை அதனினும் குறைவு. தோட்டாவும் அதிகம் கொள்ளும். ஆனால் பிடிக்கும் மணிக்கட்டு தளர்ந்தால் நடுவே சிக்கிக்கொள்ளும். ரிவோல்வருக்கு அந்தக் குறை இல்லை.

"மகளின் வலது மணிக்கட்டு ஒருமுறை முறிந்தது" என்றார் இவர். "பள்ளிக்கூடத்து ஏணியில் இருந்து விழுந்தாள். இப்போதும் குளிருக்கு நோகும். அவள் ஒருவருக்கும் சொல்வதில்லை."

முதியவர் தயக்கத்துடன் சொன்னார்: முந்நூற்றைம்பத்தேழு என்று இடைநடுவான ஒரு ரிவோல்வர் உண்டு. பெரிய கரடிக்கு அது சிறிது என்று பலர் நகைப்பர். ஆனால் கனத்த இரும்பில் செய்ததாயின் உதை தாங்கும். கடின ஈயத் தலையுள்ள தோட்டாவைப் போட்டால், குறி தவறாத கைக்கு அது உதவும்.

திரும்பும் வழியில் நோர்தேர்ன் லைன் இரயிலில் இவர் தம் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் மடுக் காட்டில் தேனெடுக்கப் போனவர். கரடி அவர் முகத்தின் ஒரு பாதியைக் கிழித்துவிட்டது.

"அவரிட்டைக் கோடாலி இருந்தது அண்ணை. ஊரிலை ஆகப் பெரிய கோடாலி. எல்லாரும் அதைப் பார்த்துப் பயப்பிடுவினம். ஓங்கிறதுக்கு முதல் கரடி வந்திட்டுது. கரடிக்கு அது பெரிய கோடாலி எண்டு தெரியேல்லை."

அந்த வார இறுதியில் மகள் காணொளி அழைப்பில் வந்தார். நானும் அந்தச் சமையலறையில் இருந்தேன். தொலைபேசி மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின்மீது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மகள் உற்சாகமாக இருந்தார்.

"அம்மா, நாற்பத்திநாலு ஒண்டு பார்த்திருக்கிறன். வேலையிலை ஒராள் கடனாத் தந்தவர், சுட்டும் பார்த்தனான். சூப்பர். எல்லாரும் அதுதான் எடுக்கினம்."

"எல்லாற்றை கையும் உன்ரை கையோ? கையைக் காட்டு."

"அம்மா, ப்ளீஸ்..."

"காட்டு மோனை."

வலது கை திரையில் வந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஊதா நிறமாகக் கன்றியிருந்தது.

"எத்தினை தரம் சுட்டனீ?"

"ரெண்டு... மூண்டு."

"மூண்டாவது எங்கை போய்ப் பட்டது?"

மகள் கையைத் திரையிலிருந்து கீழே இறக்கினார்.

"பக்கத்திலை கோப்பி இருக்குத்தானே? அந்தக் கையாலை கோப்பையைத் தூக்கு."

மகள் தூக்கினார். உதட்டைக் கடித்ததை நானும் கண்டேன்.

"இதைக் கரடிக்கு வாங்கிறியோ, உனக்கு வாங்கிறியோ?"

அதன்பின் அவர் கட்டளை எதுவும் இடவில்லை. இடைநடுவான ரிவோல்வரைப் பற்றியும், வாழைப்பூவையும் ஆணியையும் பற்றியும், நெஞ்சில் அணியும் உறையைப் பற்றியும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி, "நான் தொடேல்லை. அதாலை நான் தெரிஞ்செடுக்கேல்லை. நீ தொட்டுப் பார்த்துத் தெரிஞ்செடு" என்றார். அப்படி அவர் எவருக்கும் சொன்னதை நான் முன்னர்க் கேட்டதில்லை.

சில நாட்களின் பின் ஒரு படம் வந்தது. சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்று. அதில் ஆறு துளைகள், எல்லாம் ஒரு கையகலத்துக்குள். முந்நூற்றைம்பத்தேழால் விரைந்து சுட்டவை என்று மகள் எழுதியிருந்தார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுப் பார்த்தார்.

"பறவாயில்லை."

அந்த மகிழ்ச்சியில், ஆண்டுதோறும் செய்வதை அவ்வாண்டும் சிறப்பாகவே செய்தார். மன்னார்க் கட்டாக் கருவாடு, நெத்தலி, கருவாட்டுச் சம்பல் என்பவற்றைப் பல உறைகளிற் கட்டி, "காட்டிலை வாய்க்கு உருசியா இருக்கும்" என்று மகளுக்கு அனுப்பிவைத்தார். மகளும் வழமைபோல, "கிடைச்சுது அம்மா, தாங்க் யூ" என்று செய்தி அனுப்பிவிட்டு ஆற்றுக்குப் புறப்பட்டார்.

எங்கள் வழக்கத்தில், உதவி செய்தவரை வெறுங்கையோடு மறப்பது பாவம். ஆகவே அந்த முதிய ஆங்கிலேயருக்கும் ஒரு தகரப் பேணியிற் கருவாட்டுச் சம்பல் நிறைத்துக்கொண்டு, மீண்டும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் மிகுந்த மரியாதையோடு பேணியைப் பெற்று, மூடியைத் திறந்தார். அவர் கண்கள் கலங்கின. கடையின் மறுகோடியில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"மிக... வலிமையானது" என்றார் அவர்.

"மன்னார்க் கருவாடு. மகளுக்கும் இதே."

அவர் மூடியை மெல்ல மூடினார். அதன்மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அம்மையாரே, இதை மகள் கூடாரத்துக்குக் கொண்டு போகமாட்டார் அல்லவா?"

"ஒவ்வொரு வருடமும் அதற்குத்தான் அனுப்புகிறேன்."

"கரடி தங்கள் மகளைத் தேடி வருவதில்லை" என்றார் அவர் மிகுந்த தயவோடு. "மணத்தைத் தேடி வரும். மைல் கணக்கான தூரத்தில் இருந்தும் வரும்."

இரயில் டூட்டிங்கை நெருங்கும்போது இவர், எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"துவக்கைப் பற்றித்தான் அவ்வளவும் யோசிச்சன் அண்ணை. கரடிக்குக் காயிதம் போட்டுக் கூப்பிட்டது நான்தான்."

மகளின் தொலைபேசி பதிவுக் குரலையே தந்தது. அலுவலகத்தவர், அவர் முந்தாநாளே ஆற்றின் மேற்பகுதிக்குப் போய்விட்டார் என்றனர். கூடாரத்தில் இருந்த கருவி, மகள் பொத்தானை அழுத்தினால், நாளொன்றுக்கு ஒருமுறை 'நலம்' என்ற குறியை மட்டும் வெளியே அனுப்பும். இங்கிருந்து ஒரு சொல்லும் உள்ளே போகாது. அந்தக் குறி இவருடைய தொலைபேசிக்கும் வரும்படி மகள் ஒழுங்கு செய்திருந்தார். அது வரும் நேரத்தில் எல்லாம் இவர் சமையலறை மேசையில் இருந்தார். வந்ததும் எழுந்து போய் உலை வைப்பார்.

அந்நாட்களில் அவர் எவருக்கும் எதுவும் தெரிந்தெடுத்துக் கொடுக்கவில்லை. கலியாணக் காப்புக்கு அளவு கேட்டு வந்த பெண்ணிடம், "வேறை ஆரையும் கேளும் பிள்ளை. என்ரை கண் இப்ப சரியில்லை" என்றார். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவார். ஏற்றும்போதும், பெட்டியில் இருந்த திரிகளில் ஒன்றையேனும் தெரிந்தெடுக்காமல், கைக்கு அகப்பட்டதையே எடுப்பார்.

ஒருநாள் குறி வரவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். அவர் தொலைபேசியை முன்னே வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை மேசைமீது விரித்து வைத்தபடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே அமர்ந்தேன். பின்பு எழுந்து தேநீர் போட்டேன். "சீனி கூடிப்போச்சு" என்றார். அவர் அதையேனும் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் குறி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மகள் ஆற்றிலிருந்து இறங்கி நகரத்துக்கு வந்து அழைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நண்பகலில். முகம் வெயிலிற் கறுத்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கரடி வந்தது! தாயும் குட்டியும். அவ்வளவு கிட்ட. அண்டைக்கு முழுக்க நான் படகிலையே இருந்திட்டன், அதுதான் மெஷின்ரை பட்டனை அமத்தேல்லை."

"சுட்டனியோ?"

"இல்லை. கையிலை மிளகாய்க் குப்பிதான் இருந்தது. அதையும் அடிக்கேல்லை. ரிவோல்வர் நெஞ்சிலை இருந்தது, கை அதிலை இருந்தது, அவ்வளவுதான். அது கூடாரத்தைச் சுத்தி மணந்து மணந்து பார்த்தது. ஒண்டும் கிடைக்கேல்லை. போயிட்டுது."

"ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"இல்லை."

"கருவாடு?"

திரையில் அந்தச் சிரிப்பு மெல்ல மறைந்தது. மகள் பக்கத்திற் பார்த்தார். பின்பு நேரே பார்த்தார்.

"அம்மா, கோவிக்கக் கூடாது. நான் அதைக் காட்டுக்குக் கொண்டு போறதே இல்லை. ஒரு வருசமும் கொண்டு போகேல்லை. ஒஃபிஸ் ஃப்ரீசரிலை பூட்டி வைச்சிட்டுத்தான் போவன். திரும்பி வந்தாப் பிறகுதான் சாப்பிடுவன். நீங்கள் ஆசையா அனுப்பிறனீங்கள், அதுதான் சொல்லேல்லை."

இவர் அரைக்கும் இயந்திரத்தின்மேல் இருந்த தொலைபேசியை இரண்டு கைகளாலும் எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"கையைக் காட்டு."

மகள் வலது கையைக் காட்டினார். கன்றல் இல்லை. நகங்களில் ஆற்றுச் சேறு இருந்தது. இவர் அந்தக் கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறாய்."

"என்னம்மா? லைன் சரியில்லை. என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுதானே. ஒருக்காத்தான் சொல்லுவன்."

அடுத்த ஆண்டு பேரப்பிள்ளை பிறக்க இருந்தபோது, அவர் வீட்டைக் கையளித்துவிட்டு மகளிடம் போய்விட்டார். விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபின் மாடியேறி வந்து, மன்னார்க் கருவாடு நிறைந்த தகரப் பேணியை என் கையில் வைத்தார்.

"இது உங்களுக்கு, அண்ணை. அங்கை கொண்டு போக ஏலாது."

"இவ்வளவையும் நான் ஒருவன் எப்படி உண்பேன், தங்கச்சி?"

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ. டூட்டிங்குக்குக் கரடி வராது."

படியில் இறங்கும்போது திரும்பி, கதவின் பின்னால் நின்ற கைத்தடியை ஒருமுறை பார்த்தார்.

"இடது பக்கம்" என்றார்.